வட்டக்கச்சிக் கொடித்தோடை

நான் செய்த பிழைக்கு இன்னொருத்தி பேச்சு வாங்கினாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கதையின் நடுவில் நான் பெரிய கெட்டிக்காரன் போலக் காட்டிக்கொண்டால் நீங்கள் ஏமாறிப்போகக் கூடாது.

அறுபத்திரண்டாம் ஆண்டு நான் வட்டக்கச்சிக் குடியேற்றத் திட்டத்தில் விவசாயப் போதனாசிரியனாக இருந்தேன். பெயர் நடராசா. நெல்லைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்லுவேன். கொடித்தோடையைப் பற்றி, அதுதான் பாஷன் ஃப்ரூட், எனக்குத் தெரிந்ததெல்லாம், பழத்தைப் பிழிந்து சீனி போட்டுக் குடித்தால் வெயிலுக்கு நல்லது என்பதுதான். ஆனால் தெரியாது என்று வாய் திறந்து சொல்லும் பழக்கம் எனக்கு அந்த வயதில் கிடையாது. மேட்டுக்காணிகளின் வேலியோரத்தில் மஞ்சள் கொடித்தோடை நாட்டச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்ததும், எல்லாம் தெரிந்தவன் போலக் கூட்டம் வைத்தேன்.

என் பொறுப்பில் இருந்த ஒரு வரிசையில் இருபது குடும்பங்கள். இருபதும் வடமராட்சியில் ஒரே ஊரிலிருந்து வந்தவை. அவர்களுக்கு எது வேண்டுமென்றாலும் ஊரிலிருந்துதான் வரவேண்டும். வேலிக்கு நடும் முருங்கைக் கதியால் ஊரிலிருந்து, வாழைக்குட்டி ஊரிலிருந்து, கறிவேப்பிலைக் கன்று ஊரிலிருந்து. பக்கத்துக் காணியில் அதே வாழை குலை தள்ளி நின்றாலும் அதில் ஒரு குட்டி கேட்கமாட்டார்கள். பஸ்ஸில் ஈரச்சாக்கோடு ஐம்பது அறுபது மைல் போய்வருவார்கள். நான் பகிடி பண்ணினால், "ஊர்ப் பண்டம் எண்டால் நம்பி வைக்கலாம் ஐயா" என்பார்கள்.

கொடித்தோடைக்கும் அப்படியேதான் நடந்தது. கிராம முன்னேற்றச் சங்கத் தலைவர் ஏரம்பு தன் ஊர் வீட்டுக் கிணற்றடியில் நின்ற கொடியைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்தார். அந்தக் கொடி காய்க்கிற காய்ப்பில் பந்தல் இரண்டு தரம் முறிந்ததாம். அந்தக் கூட்டத்துக்கு விசுவமடுவிலிருந்து கச்சு முகம்மது என்ற தோட்டக்காரரும் வந்திருந்தார். சைக்கிள் கரியரில் தன் கொடியின் தடிகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு, சும்மா தருகிறேன் என்று வந்த மனிதர். ஏரம்பு மரியாதையாகத்தான் சொன்னார்.

"குறை நினையாதேங்கோ நானா. எங்கடை ஊர்க்கொடி இருக்கேக்கை பிறத்தியிலை ஏன்?"

கச்சு முகம்மது என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இரண்டையும் வையுங்கள் என்று ஒரு வார்த்தை. அதற்குப் பதிலாக, "ஒரே தாய்க்கொடியிலிருந்து எடுத்தால் எல்லாம் ஒரே சீராய்க் காய்க்கும், அதுதான் விஞ்ஞான முறை" என்று விளாசினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். கச்சு முகம்மது தடிக்கட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டு போனார்.

ஏரம்பு கொண்டுவந்த தடிகளை வேர் பிடிக்க வைக்கும் வேலையைச் சிவனேஸ்வரியிடம் கொடுத்தேன். யோகலிங்கம் என்ற குடியேற்றக்காரனின் மனைவி. இருபத்து நாலு வயதிருக்கும். பூவரச மர நிழலில் மணற்பாத்தி போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, நட்ட அறுபதில் ஐம்பத்தெட்டை வேர்விட வைத்தாள். பள்ளிக்கூடம் போய் இந்த வேலையைப் படித்த எனக்கு அறுபதில் நாற்பது வந்தாலே பெரிய காரியம். வீட்டுக்கு வீடு அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கொடிகள் வேலியில் ஏறிப் படர்ந்த வேகத்தைப் பார்த்து எனக்குத் தலைக்கனம் கூடிற்று. ஆடிக் கடைசியில் பூத்தன. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் அந்தப் பூ விரியும். வெள்ளையும் ஊதாவுமாய் இழை விட்டு, கைவிரல்களை விரித்தது போல இருக்கும். கருவண்டுகள் வந்து முதுகெல்லாம் மஞ்சள் தூள் பூசிக்கொண்டு பூவுக்குப் பூ பறக்கும். இருபது வேலியிலும் பூ. மூன்றாம் நாள் காம்போடு பழுத்து விழும். இருபது வேலியிலும் ஒரு காய் இல்லை.

நான் முதலில் உரம் என்றேன். பிறகு தண்ணீர் என்றேன். பிறகு காற்று என்றேன். ஒரு மாதம் இப்படி உளறினேன்.

நான் காரணம் தேடி முடிக்கும் முன்னே சனங்கள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சிவனேஸ்வரிக்குக் கலியாணமாகி ஐந்து வருடம், பிள்ளை இல்லை. கொடியெல்லாம் அவள் கையால் வேர் வைத்தவை. இதற்கு மேல் என்ன வேண்டும்? "மலட்டுக் கை பட்ட கொடி எப்பிடிக் காய்க்கும்" என்று வாய்க்காலில் உடுப்புத் தோய்க்கும் இடத்தில் கதைத்தார்களாம். என் காதில் விழுந்த அன்று நான் சைக்கிளை விட்டு இறங்கி, அந்த வாய்க்கால் கரையில் நின்று கத்தினேன். படிப்பறிவில்லாத கதை கதைக்கிறீர்கள் என்று ஏசினேன். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு உடுப்புத் தோய்த்தார்கள். "அப்ப ஏன் ஐயா காய்க்கேல்லை?" என்று ஒருத்தி மெல்லக் கேட்டாள். பதில் இல்லாதவன் கத்தி என்ன பயன்?

அடுத்த கிழமை சிவனேஸ்வரி என் குவாட்டஸ் வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு கோழி இறகு. வண்டு போதாமல் இருக்கலாம், ஒரு பூவின் தூளைத் தொட்டு இன்னொரு பூவின் நடுத்தண்டில் தடவிப் பார் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

"நாப்பத்தி மூண்டு பூவுக்குத் தடவினனான் ஐயா. எல்லாம் விழுந்துபோச்சு."

"மற்ற வீட்டுக் கொடியளிலை தடவிப் பாத்தியோ பிள்ளை?"

"அவை விடுகினமில்லை. எங்கடை கொடியிலை தொடாதை எண்டு சொல்லிப்போட்டினம். ஏரம்பண்ணையின்ரை கொடியிலை இருந்து மட்டும் தூள் எடுத்துக்கொண்டு வந்தனான். அதுவும் சரிவரேல்லை."

அவள் போகவில்லை. இறகைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"மாமி என்னை விதைப்புக்கு முன்னம் அப்பாவிட்டைக் கொண்டுபோய் விடப்போறாவாம். பளையிலை இவருக்கு ஒரு பெட்டை பாத்திருக்கினம். இவ்வளவு நாளும் பொறுத்தவா ஐயா, நான் பொய் சொல்லக்கூடாது. இந்தக் கொடியோடைதான் அவாவுக்கு மனம் விட்டுப்போச்சு. ஒரு காய் பிடிச்சுதெண்டால் என்ரை கையிலை பிழையில்லை எண்டாவது ஆகும். ஒரு காய் போதும்."

"யோகலிங்கம் என்ன சொல்லுறான்?"

"அவர் ஒண்டும் சொல்லுறேல்லை."

அவள் மாமியார் இலட்சுமி வேறு யாருமல்ல, அவளுடைய சொந்த அத்தை, தகப்பனின் தங்கை. அண்ணன் மகளைத்தான் கேட்டுக் கட்டிவைத்தவள். தன் அண்ணன் பிள்ளையைத் திருப்பி அனுப்புவதென்றால் அவள் எவ்வளவு நாள் படுத்து யோசித்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். கெட்ட மனுசி இல்லை. காணிப் பத்திரம் மகனின் பெயரில் இருக்கிறது, அவனுக்குப் பின் யார் என்ற கவலை அவளைத் தின்றது. ஐப்பசி பிறந்தால் காலபோக நெல் விதைப்பு. அதற்கு ஆறு கிழமைதான் இருந்தது.

பேராதனையில் என்னோடு படித்த ஒருவன் பயிராராய்ச்சியில் இருந்தான். மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவனுக்கு எழுதினேன். எனக்குத் தெரியவில்லை, சொல்லித் தா என்று எழுதிய முதல் கடிதம் அது. எட்டாம் நாள் பதில் வந்தது. முதல் வரியில், "எல்லாக் கொடியும் ஒரே தாயிலிருந்து எடுத்தவையா?" என்று கேட்டிருந்தான். மிச்சத்தை வாசிக்க முன்பே எனக்கு முகம் சுட்டது.

அவன் எழுதியது இதுதான். பூந்தூள் பூவின் நடுத்தண்டு நுனியில் விழுந்தால் ஊறி, நூலிலும் மெல்லிய ஒரு குழாயை விடும். அந்தக் குழாய் தண்டுக்குள்ளால் இறங்கி அடியில் உள்ள சூலைப் போய்ச் சேர்ந்தால்தான் காய். ஆனால் மஞ்சள் கொடித்தோடையின் தண்டில் ஊறும் சாற்றுக்கு ஒரு குணம் உண்டு. வந்த தூளில் உள்ள புரதமும் தன்னிடத்தில் உள்ளதும் ஒன்றுதான் என்று கண்டால், குழாயை மேலே இறங்க விடாமல் நிறுத்திவிடும். இரத்தம் ஏற்றும்போது ஒத்துவருகிற இரத்தம், ஒத்துவராத இரத்தம் பார்க்கிறார்கள் அல்லவா, அதுபோல ஒரு சோதனை, ஆனால் மறுபக்கமாக. இங்கே ஒத்துப்போனால்தான் தள்ளுபடி. அது எப்படி நடக்கிறது என்று முழுவதும் இன்னும் யாருக்கும் தெரியாது. தடி வெட்டி நட்ட கொடிகள் இருபதாயிருந்தாலும் அந்தப் பூவுக்கு அவை ஒரே கொடிதான். ஏரம்புவின் ஊரில் அது காய்த்ததற்குக் காரணம், அங்கே அடுத்த வீடுகளில் வேறு கொடிகள் நின்றன. கடிதத்தின் கடைசியில், "பூவிலும் குற்றமில்லை, தூளிலும் குற்றமில்லை, நாட்டச் சொன்னவனைப் பிடி" என்று எழுதியிருந்தான். அறுவான், நாசமாய்ப் போவான்.

அன்றே ஒரு மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு விசுவமடுவுக்குப் போனேன். கச்சு முகம்மது வேலியில் கொடித்தோடை அன்று விரியப்போகும் மொட்டுகளோடு குலுங்கிற்று. அவர் கதிரை எடுத்துப் போட்டார். நான் உட்காராமலே விஷயத்தைச் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"அப்ப ஊர்க்கொடிக்கு இப்ப பிறத்தியான் தேவைப்படுது, என்ன ஐயா?"

"ஓம் நானா. என்ரை பிழைதான்."

"உங்களைச் சொல்லேல்லை ஐயா. சும்மா கேட்டனான்." சிரித்துவிட்டு உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "பாத்தும்மா, வெறும் நெருப்புப்பெட்டி ஒண்டு எடு."

பூ விரியும் வரைக்கும் இருந்தோம். பன்னிரண்டரைக்கு விரிந்த பூக்களின் தூளை அவரே மெல்லத் தட்டி நெருப்புப்பெட்டிக்குள் விழுத்தினார். நான் மோட்டார் சைக்கிளை ஓட்ட, அவர் பின்னால் இருந்து அந்தப் பெட்டியை இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு வந்தார். பள்ளத்தில் சக்கரம் விழும் போதெல்லாம், "மெள்ள, மெள்ள, உள்ளுக்கை பிள்ளையள் இருக்கு" என்றார்.

இரண்டு மணிக்குச் சிவனேஸ்வரியின் வேலியடிக்கு வந்தோம். இலட்சுமி அடுப்படிக் குசினி வாசலில் நின்று பார்த்தாள், கிட்ட வரவில்லை. கொடியில் அன்று விரிந்த பூ பன்னிரண்டு. ஆறுக்கு அதே கொடியின் தூள், காம்பில் வெள்ளை நூல். ஆறுக்கு நெருப்புப்பெட்டித் தூள், காம்பில் சிவப்பு நூல். வண்டு தொடாமல் எல்லாவற்றுக்கும் கடதாசிப் பை. எல்லாவற்றையும் சிவனேஸ்வரியே செய்தாள். நான் செய்கிறேன் என்று கையை நீட்டினேன், அவள் இறகைத் தரவில்லை.

"என்ரை கையாலைதான் செய்ய வேணும் ஐயா" என்றாள்.

மூன்றாம் நாள் வெள்ளை நூல் கட்டிய ஆறும் விழுந்தன. சிவப்பு நூலில் ஒன்று விழுந்தது. மற்ற ஐந்தும் நின்றன. ஆறாம் நாள் பாக்களவு, பத்தாம் நாள் தேசிக்காயளவு. பச்சைப் பசேலென்று ஐந்து காய். நான் அவற்றைப் பார்த்துவிட்டு வேலிக்கு மற்றப் பக்கம் போய் மூக்கைச் சீறிக்கொண்டேன். வெட்கமில்லாமல் சொல்லுகிறேன், அழுகை வந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருபது குடும்பத்தையும் அந்த வேலியடிக்கு வரச்சொன்னேன். கச்சு முகம்மதுவும் தடிக்கட்டோடு வந்தார். நான் கடிதத்தை வைத்துக்கொண்டு, புரதம், சாறு, குழாய் எல்லாவற்றையும் தமிழில் உடைத்துச் சொன்னேன். தன் தூளைத் தானே தள்ளுகிற பூ என்றேன். ஒரே தாய்க்கொடி என்று சொன்ன மடையன் நான்தான் என்றும் சொன்னேன். "சிவனேஸ்வரியின்ரை கையிலை ஒரு குறையும் இல்லை. இதைவிட நல்ல கையை நான் என்ரை உத்தியோகத்திலை காணேல்லை. குறை என்ரை வாயிலை" என்றேன். ஏரம்பு எழுந்து கச்சு முகம்மதுவின் கையிலிருந்து தடிக்கட்டை வாங்கினார். வாய்க்காலில் கேள்வி கேட்ட பெண் ஐந்து காய்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போதுதான் இலட்சுமி முன்னுக்கு வந்தாள். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அவள் கவனமாகக் கேட்டிருக்கிறாள்.

"ஐயா, ஒரு கொடியின்ரை தூள் அதே கொடியிலை பிடியாது எண்டு சொன்னீங்கள்."

"ஓம் அம்மா."

"என்ரை மோனும் இவளும் மச்சான் மச்சாள். இவளின்ரை தேப்பன் என்ரை கூடப்பிறந்த அண்ணன். ஒரே கொடி. அதுதானே இவ்வளவு நாளும் பிடிக்கேல்லை?" அவள் குரலில் கோபமே இல்லை, ஒரு ஆறுதல்தான் இருந்தது. "இவளைக் குறை சொன்னது பிழைதான். ஆரும் இனிச் சொல்லாதேங்கோ. ஆனால் ஐயாவே வழியையும் சொல்லிப்போட்டார். வெளியிலை இருந்துதான் எடுக்க வேணும். பளைப் பெட்டை எங்களுக்கு ஒரு சொந்தமும் இல்லை."

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். என்ரை கடவுளே. அவளைக் காப்பாற்ற நான் கட்டிய வேலியைப் பிடுங்கி அவளையே அடிக்கிறார்கள். "மனிசர் கொடியில்லை" என்று கத்தினேன். மச்சான் மச்சாள் கட்டிப் பத்துப் பிள்ளை பெற்றவர்கள் இந்தக் கூட்டத்திலேயே எத்தனை பேர் என்று கேட்டேன். உண்மையில் நாலு சோடி நின்றது. இரண்டு உடம்புக்கு இரண்டு இரத்தம், தடி வெட்டி நட்ட கன்றுகள் அல்ல என்று விளக்கினேன். ஒருவரும் கேட்கவில்லை. ஒரு விஷயத்தை விளங்கிக்கொண்டுவிட்டோம் என்ற மகிழ்ச்சி அவர்கள் முகத்தில் தெரிந்தது. முதல் கூட்டத்தில் விஞ்ஞான முறை என்று விளாசியபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

சிவனேஸ்வரி கொடியடியில் நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு மாமியாரைப் பார்த்து, சண்டைக்கு இழுக்கிற குரலில் அல்ல, கணக்கு விளங்காத பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"மாமி, ஐயா இந்தக் கொடியைப் பிடுங்கினவரே?"

"என்னடி கேக்கிறாய்?"

"கொடி நிண்ட இடத்திலைதானே நிக்குது. நான் நட்ட இடத்திலை. ஐயா இதைப் பிடுங்கிப்போட்டு வேற கொடி வைக்கேல்லை. தூளைத்தான் வேற இடத்திலை இருந்து கொண்டுவந்தவர். இந்தக் கொடி அதிலைதான் காய்ச்சிருக்கு."

ஏரம்பு தடிக்கட்டைப் பார்த்தார். கச்சு முகம்மது மேலே பார்த்து, மழை வருமோ என்று ஆராய்பவர் போல நின்றார். பெண்களில் யாரோ வாய்க்குள் சிரித்து, உடனே இருமினார்கள். இலட்சுமிக்கு அது விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் அவள் முகம் கறுத்தது.

"எத்தினை பேருக்கு முன்னாலை எப்பிடிப்பட்ட கதை கதைக்கிறாய்? என்ரை அண்ணன் இதுக்கோ உன்னை வளத்தவன்?"

"நான் கதைக்கேல்லை மாமி. கொடியைச் சாட்சிக்குக் கூப்பிட்டது நீங்கள். அது சொன்னதைத்தான் சொன்னனான்." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "எனக்கு வேற ஆரும் வேண்டாம். இவரைத்தான் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனால் பிடுங்கிறதெண்டால் என்னையேன் முதல் பிடுங்கவேணும்? அதைச் சொல்லுங்கோ, நான் போறன்."

இவ்வளவு நேரமும் யோகலிங்கம் மாட்டு வண்டிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு நின்றான். அவ்வளவு நாளில் அவன் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததை நான் கேட்டதில்லை. அவன் நடந்து வந்து தாய்க்கு முன்னால் நின்றான். காதெல்லாம் சிவந்திருந்தது.

"அம்மா, அஞ்சு வரியமாய் அவளை எல்லா டாக்குத்தரிட்டையும் அனுப்பினியள். யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரிக்கு எத்தினை தரம் போயிருப்பாள்? என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. நானும் நல்லதெண்டு இருந்திட்டன். வாற திங்கள் நான் போறன். என்னிலை பிழையோ எண்டு பாக்கச் சொல்லப்போறன்."

இருபது குடும்பத்துக்கு முன்னால், அறுபத்திரண்டாம் ஆண்டில், ஒரு ஆம்பிளை வாய்விட்டுச் சொன்னான். எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஆண்கள் ஒவ்வொருவராக வேலிப் பக்கம் திரும்பினார்கள். ஏரம்பு மட்டும் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

இலட்சுமி மகனைப் பார்த்தாள். பிறகு சிவனேஸ்வரியைப் பார்த்தாள், அந்தப் பிள்ளையை அன்றுதான் முதல் முதல் காண்பவள் போல. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"உனக்கு அந்த ஆசுப்பத்திரியிலை வழி தெரியாது" என்றாள் மகனிடம். "எந்த வரிசையிலை நிக்கவேணும், எந்தக் கதவிலை சீட்டுத் துண்டு குடுக்கவேணும், ஒண்டும் தெரியாது. இவ்வளவு காலமும் அவள்தான் தனியப் போய் நிண்டவள். அவளையும் கூட்டிக்கொண்டு போ."